பரிசுக்காரர் வேண்டாமென்ற சங்கிலி

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்தில் நிற்பவையும் பேயாகத்தான் தெரியும். சிட்னிக்கு வந்த புதிதில் நான் பயந்தவற்றை எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் சிலந்தி, தலையைக் குறிவைத்துப் பாயும் கறுப்பு வெள்ளைப் பறவை, ரயிலில் டிக்கெட் பார்ப்பவர், இறைச்சிக் கடைக்காரரின் கத்தி, தபால்காரர், தபால்காரரைக் கண்டு குரைக்கும் நாய். இத்தனைக்கும் பயந்த நான், பயப்பட வேண்டிய ஒரேயொரு மனிதரை மட்டும் வாசலில் நின்று வரவேற்று, கதிரை போட்டு இருத்தி, வடையும் தேநீரும் கொடுத்தேன்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. ஆஸ்திரேலியாவுக்குக் கலர் தொலைக்காட்சி அப்போதுதான் வந்திருந்தது. நாங்கள் டூங்கபியில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் கணவர் குலசிங்கம் (இனி 'இவர்' என்றே எழுதுகிறேன், பெயர் சொல்ல இப்போதும் நாக்குக் கூசுகிறது) ஒரு பொறியியல் கந்தோரில் வரைபடம் கீறும் வேலை செய்தார். காலையில் போனால் பொழுதுபடத்தான் வருவார். அதுவரை வீட்டில் நானும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியும்தான். அப்போது தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பக்கத்தில் இருந்தது நார்த்மீட்டில் பரமேஸ் அன்ரி வீடு ஒன்றுதான், அதற்கும் பஸ் ஏறிப் போகவேண்டும். பஸ்ஸுக்கும் எனக்குப் பயம்.

வீட்டுக்குத் தொலைபேசி புதிதாக வந்திருந்தது. அது பகலில் மணியடித்தால் எனக்கு அர்த்தம் ஒன்றுதான்: ஊரில் யாரோ செத்துப்போனார்கள். வேறு யார் எனக்கு எடுக்கப் போகிறார்கள்?

ஒருநாள் காலை அது அடித்தது. எடுத்தேன். ஓர் ஆண் குரல், "வீட்டுக்கார அம்மாவா?" என்றது. (அவர் கதைத்ததெல்லாம் இங்கிலீஷ். நான் சொன்ன பதில்களையும் இங்கிலீஷ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

"ஓம்."

"நிற்கிறீர்களா, இருக்கிறீர்களா?"

"நிற்கிறேன்."

"தயவுசெய்து கதிரையில் இருங்கள். ஒரு செய்தி சொல்லவேண்டும்."

இருந்தேன் என்று சொல்ல முடியாது, விழுந்தேன். அப்பா போய்விட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். பந்தலும் பறைமேளமும் அம்மாவின் ஒப்பாரியும் வரிசையாகக் கண்முன்னால் வந்துவிட்டன. நான் அழத் தொடங்கிய பிறகுதான் அந்தக் குரல், "அம்மா, உங்களுக்கு முதல் பரிசு விழுந்திருக்கிறது. கலர் தொலைக்காட்சிப் பெட்டி" என்றது. நான் இன்னும் சத்தமாக அழுதேன்.

பெட்டி கிடைத்த சந்தோஷம் என்று அவர் நினைத்திருப்பார். சந்தோஷம்தான், ஆனால் அப்பா உயிரோடு இருக்கிறாரே என்ற சந்தோஷம். செத்தவீட்டுச் செய்தி கொண்டுவர வேண்டிய மனிதர் கலர் தொலைக்காட்சி கொண்டுவருகிறார் என்றால், அதற்கு மேல் அவர் எதைச் சொன்னாலும் நான் நம்பத் தயார். ஆளை முதலில் பயப்படுத்தி, பிறகு குளிரப்பண்ணி, அந்த மயக்கத்தில் காரியத்தை முடிப்பதுதான் இவர்களுடைய தொழில் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். என் விஷயத்தில் அவருக்கு வேலை பாதியாகக் குறைந்தது. பயப்படும் பகுதியை நானே இலவசமாகச் செய்துகொடுத்துவிட்டேன்.

சீட்டே வாங்காதவளுக்குப் பரிசு எப்படி விழும் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அது தோன்றாமலில்லை. ஆனால் அந்த வருஷம் என் ராசிக்கு எதிர்பாராத பொருள்வரவு உண்டென்று அம்மா எழுதியிருந்தாள். போதாததற்கு, இந்த நாட்டில் கால் ஊன்றிவிட்டால் தேங்காய் உடைக்கிறேன் என்று ஊர்ப் பிள்ளையாருக்கு நான் நேர்ந்தும் வைத்திருந்தேன். பிள்ளையார் பார்த்துத் தந்ததற்குச் சீட்டு எங்கே என்று கேட்டால் அவர் என்ன நினைப்பார்? கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டேன்.

பரிசுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். வெள்ளிக்கிழமை அவரே நேரில் வருவார். அதுவரை இதை யாருக்கும் சொல்லக்கூடாது, கணவருக்கும்கூட. பெட்டியைக் கண்டு கணவர் திகைத்து நிற்பதைப் படமெடுத்துப் பத்திரிகையில் போடுவார்களாம். "உங்களால் ஒரு இரகசியத்தைக் காப்பாற்ற முடியுமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அவர் வேறு எந்த இனத்துப் பெண்ணிடமாவது கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பாள். யாழ்ப்பாணத்தாளிடம் போய்க் கேட்டால்? நல்லது நடக்கப்போகிறது என்றால் அது கைக்கு வரும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்பதை நாங்கள் பாலோடு சேர்த்துக் குடித்தவர்கள். கலியாணம் பேசினால் தாலி ஏறும்வரை அயலுக்குத் தெரியாது. பிள்ளை உண்டானால் வயிறு சொல்லும்வரை நாங்கள் சொல்லமாட்டோம். பிறர் வாயில் விழுந்தால் நாவூறு, கண்ணூறு பட்டுவிடும். ஆகவே அந்த மனிதர் சொன்னது எனக்குச் சந்தேகத்தைத் தரவில்லை. வெள்ளைக்காரருக்கும் இது தெரிந்திருக்கிறதே என்று மதிப்புத்தான் வந்தது.

மூன்று நாள் வாயைக் கட்டினேன். இவருக்குச் சோறு போடும்போது என் முகத்தைப் பார்த்து, "ஏனப்பா, காய்ச்சலோ?" என்று கேட்டார். "இல்லை, வெக்கை" என்றேன். அது ஆடி மாதம், வெளியே புல்லில் உறைபனி.

எல்லாரையும்விட எனக்குப் பயம் டோரீனை நினைத்துத்தான். டோரீன் பக்கத்து வீட்டுக்காரி. அறுபதைத் தொட்ட விதவை, மகன் மேற்குக் கரையில் சுரங்கத்தில் வேலை. எங்களுக்கு நடுவே இடுப்பளவு மரவேலி. உடுப்புக் காயப்போட வந்தால் வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கதைப்பாள். என் பெயர் தவமணி அவளுக்கு வாயில் நுழையாமல் 'தவா' ஆகிவிட்டது. அவளிடமும் ஒரு பழைய பெட்டி இருந்தது. படம் மேலும் கீழும் உருளத் தொடங்கினால் அவள் அதற்கு அடி போடும் சத்தம் எங்கள் குசினிவரை கேட்கும். இப்படிப்பட்டவளுடைய கண் என் கலர் பெட்டியில் பட்டால் அது வாசல் தாண்டி வருமா? அவளைக் கண்டால் நான் அந்த மூன்று நாளும் காலநிலை மட்டுமே கதைத்தேன். அவளும் காலநிலை மட்டுமே கதைத்தாள். ஒருநாள் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றித் தோய்த்துப் போட்டிருந்தாள். "விருந்தாளியோ?" என்று கேட்டேன். "சும்மாதான், தவா" என்றாள். நானும் அன்றைக்கு முன் அறைக் கதிரைகளை இழுத்து இடம் மாற்றியிருந்தேன். அவள் அதை ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு ஏனென்று கேட்டாள். "சும்மாதான்" என்றேன்.

வியாழக்கிழமை தொலைபேசி மறுபடி அடித்தது. பெட்டிக்குப் பணமில்லை, ஆனால் ஏற்றி இறக்கும் செலவுக்கும் காப்புறுதிக்கும் ஒரு சிறு தொகை கையில் தரவேண்டும், காசோலை வாங்கமாட்டோம், நாளைக்குத் தவறினால் பரிசு அடுத்த பெயருக்குப் போய்விடும் என்றார். அவர் குறித்த நேரத்தைக் கேட்டதும் நான் ஓடிப்போய்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். ராகு காலம். யாழ்ப்பாணத்து ராகு சிட்னிக்கு எத்தனை மணிக்கு வந்து சேருவார் என்று எனக்குத் தெரியாது. அதனால் இரண்டு ஊர் ராகுவுக்கும் தப்பக்கூடிய ஒரு நேரத்தைச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். இவ்வளவு தன்மையான மனிதரா என்று நினைத்தேன்.

பணம்தான் இடைஞ்சல். வீட்டுச் செலவுக்காசை எடுத்தால் இவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஊரில் பிறந்த பெண்ணுக்கு அவசரக் காசுக்கு வழியா இல்லை? நகை எதற்கு இருக்கிறது? எங்கள் அம்மா பாடப்புத்தகத்துக்குக் காப்பை அடைவு வைப்பாள், வெங்காயம் விற்றதும் மீட்பாள். நகை என்பது கழுத்தில் தொங்கும் வங்கி. ஆகவே அப்பா எனக்குக் கலியாணத்துக்குப் போட்ட பதக்கச் சங்கிலியை அவரிடம் ஈடாகக் கொடுப்பது, பெட்டி வந்த சந்தோஷத்தில் இவரிடம் காசு வாங்கி அதை மீட்பது என்று தீர்மானித்தேன். அந்தச் சங்கிலிக்காக அப்பா கிணற்றடிக் காணியை விற்றவர். அதைத்தான் முன்பின் தெரியாத ஒருவரிடம் தூக்கிக் கொடுக்க இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பரிசுக்காரர் நான் சொன்ன நேரத்துக்கு வந்தார். மண்ணிறக் கோட்டு, உள்ளங்கை அகலத்தில் கழுத்துப்பட்டி, காதுக்குக் கீழே கிருதா. காரின் பின் இருக்கையில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று தெரிந்தது. முன் அறையில் இருத்தி, அதிகாலையில் எழும்பிச் சுட்ட உளுந்து வடையை வைத்தேன். ஒன்றை எடுத்து, நடுவில் ஓட்டை ஏன் என்று கேட்டார். இரண்டாவதை எடுக்கும்போது கேட்கவில்லை. பிறகு கடுதாசியொன்றில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "அந்தச் சிறு தொகை?" என்றார்.

நான் சங்கிலியைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினேன். "பணம் இல்லை. இதை ஈடாக வையுங்கள். அடுத்த கிழமை மீட்கிறேன்."

அவர் துணியை விரித்தார். முகம் மாறியது. சங்கிலியைத் தூக்கிக் கையில் எடை பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், நகத்தால் சுரண்டினார். பிறகு மேசையில் பொத்தென்று போட்டார்.

"அம்மா, இது பித்தளை."

இந்த நாட்டுத் தங்கம் வெளிறினது என்பது எனக்கு அப்போது தெரியாது. இங்கே கடைகளில் அநேகமாக ஒன்பது கரட்டில்தான் விற்பார்கள். பார்த்தால் காய்ச்சல்காரன் கண் மாதிரி ஒரு மங்கல். அதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு எங்கள் இருபத்திரண்டு கரட் மஞ்சள், கோயில் குத்துவிளக்குப் போலத்தான் தெரியும். எனக்கு இதெல்லாம் பிறகு தெரிந்த ஞானம். அன்றைக்கு எனக்குக் கேட்டது ஒன்றுதான்: என் அப்பா எனக்குப் பித்தளை போட்டு அனுப்பினாராம்.

"இது தங்கம்" என்றேன்.

"நான் இந்தத் தொழிலில் எத்தனையோ வருஷம் இருக்கிறேன். பித்தளையைக் கொடுத்து ஒரு நேர்மையான மனிதனிடம் கலர் தொலைக்காட்சி வாங்கப் பார்க்கிறீர்கள். இது சரியில்லை, அம்மா." அவருக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. குரல் தழுதழுத்தது.

எனக்கு ரோஷம் வந்தால் இங்கிலீஷ் போய்விடும். பாதி தமிழில், நகை செய்த பத்தரின் பெயர் சொன்னேன், காணி விற்ற கதை சொன்னேன். அவர் தன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார். அவர் போய்விட்டால் பெட்டி போகும், அதைவிட அப்பாவின் மானம் போகும். நான் அவரை மறித்து, அவர் சங்கிலியை எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும் என்று நின்றேன். கொள்ளையடிக்க வந்தவரிடம் கொள்ளையடித்துக்கொண்டு போ என்று மன்றாடிய பெண் டூங்கபியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைசியில் புத்தி கெட்டு, சட்டைக்குள் கிடந்த தாலிக்கொடியை வெளியே இழுத்துக் காட்டினேன். "அது பித்தளை என்றால் இதுவும் பித்தளையா? இரண்டும் ஒரே பத்தர் செய்தது."

அவர் பார்த்தார். கொடியின் தடிப்பைக் கண்டதும் ஒரு கணம் தடுமாறினார் போலிருந்தது. சோதிப்பதற்குக் கையை நீட்டிக்கொண்டு ஓரடி கிட்ட வந்தார்.

அந்தக் கை என் கழுத்துக்கு நேரே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் நான் தனியே இருக்கிறேன். கதவைச் சாத்தியவளும் நானே. இந்த மனிதர் யார், எங்கேயிருந்து வந்தார், ஒன்றும் தெரியாது. இவர் வர இன்னும் எவ்வளவோ நேரம். அன்றுவரை நான் சிலந்திக்கும் பறவைக்கும் பட்டதெல்லாம் ஒரு பயமா? கூச்சல் போட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பின்வாங்கிப் பின்வாங்கிக் குசினிக்குள் போனேன். முதுகுப்பக்கம் கைக்கு அகப்பட்டது தேங்காய் திருவலை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அடிக்கும் எண்ணமெல்லாம் இல்லை, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

அவர் திருவலையின் பல்லைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார். அப்படியொரு ஆயுதத்தை அவர் வாழ்நாளில் கண்டிருக்கமாட்டார். "சரி அம்மா, சரி" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு பின்புறமாகவே நடந்து கதவைத் திறந்து போய்விட்டார். (போகிற போக்கில் இன்னொரு வடை எடுத்ததைக் கண்டேன்.)

அதற்குப் பிறகு நான் செய்தது எனக்கே இன்னும் விளங்கவில்லை. தப்பினேன் பிழைத்தேன் என்று கதவைப் பூட்டியிருக்க வேண்டும். கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் பயம் போய் ரோஷம் திரும்பி வந்தது. மேசையிலிருந்த சங்கிலியை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் ஓடினேன். ஒரு கையில் சங்கிலி, மறு கையில் திருவலை. "தங்கம், தங்கம்" என்று இங்கிலீஷில் கத்திக்கொண்டு தெருமுனைவரை துரத்தினேன். கார் திரும்பி மறைந்தது. மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தால் டோரீன் தன் வாசலில் நிற்கிறாள். என்னையும் பார்த்தாள், கார் போன திசையையும் பார்த்தாள். உடனே உள்ளே ஓடினாள். கண்ணாடி வழியே அவள் தொலைபேசியை எடுப்பது தெரிந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. பித்தளை விற்கும் கறுத்தப் பெண் ஆயுதத்தோடு தெருவில் ஓடுகிறாள் என்று பொலிஸுக்குச் சொல்கிறாள்.

அன்று பின்னேரம் முழுவதும் நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து எவ்வளவு காலம்? எங்களைப் போன்ற நிறத்தவரை உள்ளே விடத் தொடங்கியதே சமீபத்தில்தான். ஒரு முறைப்பாடு போதாதா விசாவைக் கிழிக்க? இவருடைய வேலை போகும். விமான நிலையத்தில் அப்பா தலைகுனிந்து நிற்பார். 'பித்தளை வித்துப் பிடிபட்டவளாம்' என்று ஊர் சொல்லும். சங்கிலியை அரிசி வைத்திருந்த தகரப் பேணிக்குள் ஒளித்தேன். ஒளித்தால் குற்றம் போலிருக்கும் என்று வெளியே எடுத்தேன். மறுபடி ஒளித்தேன். ஒரு கார் தெருவால் போனால் கட்டிலுக்குக் கீழே பார்த்தேன், எனக்கு இடம் போதுமா என்று.

இவர் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. பொலிஸ்காரர். பனை உயரம். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்கினார். அவரை முடிக்கவிடாமல் நான் உள்ளே ஓடினேன். பேணியிலிருந்த சங்கிலி, காப்பு, தோடு, மோதிரம் எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டுவந்து மேசையில் கொட்டினேன். கூடவே அரிசியும் கொட்டியது.

"ஐயா, எல்லாம் தங்கம். நாங்கள் பித்தளைக்காரர் இல்லை. எங்களைத் திருப்பி அனுப்பாதையுங்கோ." கடைசி வாக்கியம் பதற்றத்தில் தமிழில் வந்துவிட்டது.

பொலிஸ்காரர் என் கணவரைப் பார்த்தார். இவர் அரிசியைப் பார்த்தார்.

"பித்தளையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, அம்மா" என்றார் பொலிஸ்காரர். பிறகு ஆறுதலாக விஷயத்தைச் சொன்னார். கலர் தொலைக்காட்சி தருகிறேன் என்று ஒருவர் இந்தத் தெரு முழுவதும் வீடு வீடாகப் பணம் வாங்கியிருக்கிறார். காரில் இருந்தது வெறும் பெட்டி. பக்கத்து வீட்டு டோரீன் நான் அவரைத் துரத்துவதைக் கண்ட பிறகுதான் தானும் ஏமாந்ததை உணர்ந்து பொலிஸைக் கூப்பிட்டாளாம். "நான் இந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன். அவர் வந்துபோன வீடுகளில் ஒன்றும் இழக்காதது உங்கள் வீடு மட்டும்தான். ஆள் கள்ளன் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

இவருடைய நெஞ்சு ஓரங்குலம் நிமிர்ந்தது. "என் மனைவி மிகவும் எச்சரிக்கையானவர்" என்றார்.

நான் அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொலிஸ்காரர் உதவிக்குக் குனிந்து சங்கிலியை எடுத்துத் தந்தார். தருமுன் ஒரு கணம் அதை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "நல்ல... பளபளப்பு" என்றார். அந்தச் சொல்லுக்கு நடுவில் அவர் விட்ட இடைவெளி எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இவர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. "நீர் எனக்கேன் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார்.

"நாவூறு பட்டிடும் எண்டு."

"என்ரை நாவுமோ?"

நான் மேசைக்குக் கீழே மிச்ச அரிசியைத் தேடினேன்.

மறுநாள் காலை டோரீன் உடுப்புக் காயப்போட வந்தாள். முகம் வீங்கியிருந்தது. மகனிடம் போய்வரச் சேர்த்துவைத்த காசை அப்படியே கொடுத்துவிட்டாள். போதாததற்கு, புதுப்பெட்டிக்கு இடம் வேண்டுமென்று பழைய பெட்டியையும் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். "அவன் திங்கட்கிழமையே எனக்கும் தொலைபேசி எடுத்தான், தவா. உன்னிடம் சொல்ல எத்தனை தரம் வாய் வந்தது தெரியுமா? உன்னிடமும் பழைய பெட்டிதானே. எனக்குக் கலர்ப் பெட்டி விழுந்தது என்று சொன்னால் நீ கவலைப்படுவாய் என்று பேசாமல் இருந்தேன்."

எனக்கு அந்த வேலியடியிலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது. மூன்று நாள் இருவரும் அங்கே நின்று உறைபனியைப் பற்றிக் கதைத்திருக்கிறோம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரே முதல் பரிசு இரண்டு வீட்டுக்கு எப்படி விழும் என்று இரண்டு பேருமாகக் கேட்டிருப்போம். அவள் என் மனம் நோகக்கூடாதென்று மறைத்தாள். நான் அவள் கண்ணுக்குப் பயந்து மறைத்தேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், படம் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன். வந்தாள். அடுத்த நாளும் வந்தாள், பித்தளைக் கதையையும் கேட்டாள். பிறகு நாங்கள் சொந்தவீடு வாங்கிக் குவேக்கர்ஸ் ஹில் பக்கம் போன பின்னும் ரயிலேறி வந்தாள். ஆளைப் பிடித்தார்களா என்று கேட்பீர்கள். பிடிக்கவில்லை.

அந்தச் சங்கிலியை நான் அதன்பின் அதிகம் போடவில்லை. என் மகள் சுபாவின் கலியாணத்தில்தான் அது மறுபடி வெளியே வந்தது. சிட்னியில் ஒரு மண்டபம், நிறையச் சனம். தலை முழுக்க நரைத்த டோரீன், நான் கட்டிவிட்ட சேலையோடு முன்வரிசையில் இருந்தாள். அவளுக்குக் காது மந்தமாகியிருந்ததால் தான் பேசுவதும் மற்றவர்களுக்குக் கேட்காது என்று நினைப்பாள். மகள் அந்தச் சங்கிலியோடு மணவறைக்கு வந்ததும், மேளம் ஓய்ந்த ஒரு இடைவெளியில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

"தவா, இதுதானே அந்தப் பித்தளைச் சங்கிலி?"

மாப்பிள்ளை வீட்டார் எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும். சம்பந்தி அம்மா கொழும்பில் நகைக்கடைத் தெருவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவ. அவவுடைய கண் சங்கிலியில் போய் நின்றது. மணவறையில் எழும்பி நின்று விளக்கம் சொல்லவா முடியும்? தாலி கட்டி முடித்து, சாப்பாட்டு மேசையில் இவர்தான் கதை முழுவதையும் சொன்னார், திருவலை உட்பட. எல்லாரும் வயிறு நோகச் சிரித்தார்கள். சம்பந்தி அம்மாவும் சிரித்தா.

ஒரு கிழமை கழித்து அவ என் மகளிடம், "பிள்ளை, அந்தப் பதக்கம் வடிவான வேலைப்பாடு. ஒருக்கால் தாரும், எங்கட பத்தரிட்டைக் காட்டி அதேமாதிரி ஒண்டு செய்விக்கப் போறன்" என்று சங்கிலியை வாங்கிக்கொண்டு போனா. இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தா. ஒன்றும் சொல்லவில்லை. அதேமாதிரி ஒன்று செய்விக்கவும் இல்லை. அன்றிலிருந்து என்னோடு முன்னிலும் அன்பாக இருக்கிறா.

அது சந்தோஷத்தில் வந்த அன்பா, இரக்கத்தில் வந்த அன்பா என்று எனக்குத் தெரியாது. என் அப்பா பத்தரை நம்பினார், நான் அப்பாவை நம்பினேன், யாரும் ஒருநாளும் உரைத்துப் பார்த்ததில்லை. இப்போது சிட்னியில் தெருவுக்குத் தெரு தமிழ் நகைக்கடை இருக்கிறது. ஒரு நிமிஷ வேலை. நான் கடை வாசலில் நடையை எட்டிப் போடுவேன்.

தீபாவளிக்கு எல்லாரும் கூடினால் இந்தக் கதை வராமல் இலை எடுக்கமாட்டார்கள். பேரப்பிள்ளைகள் திருவலையைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி ஓடுவார்கள். கடைசியில் மருமகன் என் பக்கம் குனிந்து கேட்பார்: "மாமி, பத்தர் என்ன சொன்னவர் எண்டு அம்மாவைக் கேக்கட்டோ?"

"அடுப்பிலை ஏதோ எரியுது தம்பி" என்று சொல்லிக் குசினிக்குள் போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது.